பழைய காருக்கு ஸ்பிரிங், ஷாக் மாற்றும் முன்: எது போயிருக்கிறது என்று முதலில் பாருங்கள்

பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய காரை சென்னை எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு வாரம் ஓட்டினால் போதும், சஸ்பென்ஷன் எந்த நிலையில் இருக்கிறது என்று இடுப்பே சொல்லிவிடும். சரி, பார்த்துவிடலாம் என்று ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் "நாலு ஷாக்கும் போச்சுண்ணே, மாத்திடலாம்" என்பதுதான் முதலில் கிடைக்கும் பதில். சில சமயம் அது முழுக்க உண்மை. சில சமயம் ஷாக் நன்றாகவே இருக்கும், ஸ்பிரிங்தான் உட்கார்ந்திருக்கும். சில சமயம் இரண்டுமே நன்றாக இருந்து, உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் ஒன்று பொடியாகியிருக்கும். காசு கொடுக்கப் போவது நீங்கள், அதனால் எந்தப் பாகம் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. கொஞ்சம் கணக்கு வரும், பெருக்கல் வகுத்தலைத் தாண்டாது.

காயில் ஸ்பிரிங்கின் வேலை வண்டியைத் தாங்குவது. சக்கரத்துக்கு மேல் பாடி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை ஸ்பிரிங்தான் முடிவு செய்கிறது, ஷாக்குக்கு அதில் கிட்டத்தட்ட பங்கே இல்லை (கேஸ் நிரப்பிய ஷாக் தன் அழுத்தத்தால் சில மில்லிமீட்டர் தூக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான்). ஆனால் ஸ்பிரிங்குக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அமுக்கினால் அமுங்கும், விட்டால் மேலே எழும், எழுந்தது நிற்காமல் மறுபடி இறங்கும், இப்படியே ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஆட்டத்தை அடக்கத்தான் ஷாக். வங்கிக் கதவின் மேலே ஒரு டோர் குளோசர் இருக்குமே, அதில் கதவை இழுத்து மூடுவது ஸ்பிரிங், படார் என்று அடிக்காமல் மெதுவாக மூட வைப்பது உள்ளே இருக்கும் எண்ணெய். காரிலும் அதே கூட்டணிதான்.

பெரம்பூர்க்காரர்களுக்கு இது புதிதே இல்லை. 1955-இல் தொடங்கிய ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையின் பெயரையே தாங்கிய அந்தப் பழைய நீலப் பெட்டிகளின் போகியை, அதாவது அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தை, பார்த்திருந்தால் தெரியும், அச்சுக்கு இரண்டு பக்கமும் தடித்த காயில் ஸ்பிரிங் நிற்கும், அதன் நடுவிலேயே எண்ணெய் நிரப்பிய டேஷ்பாட் இருக்கும். தாங்குவது ஒன்று, அடக்குவது இன்னொன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று அளவு பார்த்துச் செய்யப்பட்டவை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் கடையில் யாரும் உங்களைச் சுலபத்தில் குழப்ப முடியாது.

ஸ்பிரிங் எப்படிப் பழசாகிறது?

"ஸ்பிரிங் வீக் ஆயிடுச்சு" என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மையில் ஸ்பிரிங் மென்மையாவது கிடையாது. அதன் விறைப்பு நான்கு விஷயங்களைப் பொறுத்தது: எஃகின் இயல்பு, கம்பியின் தடிமன், வளையத்தின் அகலம், வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கை. பத்து வருஷத்தில் துரு தவிர வேறெதுவும் இதில் எதையும் மாற்றாது. மாறுவது நீளம். வருஷக்கணக்காகப் பாரத்தைச் சுமந்து சுமந்து எஃகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து குட்டையாகிவிடும், மெக்கானிக் பாஷையில் "உட்கார்ந்துவிடும்". விறைப்பு அதேதான், ஆனால் வண்டி 15, 20 மில்லிமீட்டர் கீழே நிற்கிறது. சக்கரம் மேலே ஏற இருந்த இடத்தில் அத்தனை மில்லிமீட்டர் காணாமல் போயிருக்கிறது. அதனால்தான் முன்பு சத்தமே இல்லாமல் கடந்த குழியில் இப்போது 'டம்' என்று அடிக்கிறது. இதற்கு எவ்வளவு விலை உயர்ந்த ஷாக் போட்டாலும் தீராது, ஏனென்றால் உயரத்தை ஷாக் திருப்பித் தராது.

கம்பியின் தடிமனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விறைப்பு தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறும். 12 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 13 போட்டால், பார்க்க ஒரு மில்லிமீட்டர்தான், விறைப்போ கிட்டத்தட்ட 38 சதவீதம் கூடிவிடும். ஆகவே கடைக்காரர் "கொஞ்சம் தடிமனா இருக்கு சார், ஸ்ட்ராங்கா இருக்கும்" என்று ஒன்றை எடுத்து நீட்டினால் அது 'கொஞ்சம்' இல்லை. அதே கணக்கு திருப்பியும் வேலை செய்யும்: துரு தின்று 12 என்பது பதினொன்றரை ஆனால் விறைப்பில் ஏறக்குறைய 16 சதவீதம் போய்விட்டது.

ஆனால் நம் பக்கத்தில் துருவின் பெரிய ஆபத்து விறைப்பு குறைவதில்லை, ஸ்பிரிங் உடைவது. காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர் என்று கடற்கரையை ஒட்டி இரவெல்லாம் தெருவில் நிற்கும் வண்டியின் ஸ்பிரிங்கை ஒரு தரம் பாருங்கள். ஸ்டியரிங்கை முழுதாக ஒரு பக்கம் ஒடித்துவிட்டு, போன் டார்ச்சை அடித்துச் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்தால் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று தெரியும். அது ஒரு கிண்ணம் போன்ற தட்டில் உட்கார்ந்திருக்கும். அந்தத் தட்டில் மணல், கரித்தூள், மழைத்தண்ணி எல்லாம் சேர்ந்து எப்போதும் ஈரமாகக் கிடக்கும். வண்டி ஆடும்போதெல்லாம் அந்த மணல் கம்பியின் பெயின்ட்டை உரசும், பெயின்ட் போன இடத்தில் உப்புக்காற்று ஏறும், கடுகளவு ஒரு குழி விழும். விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். ஒரு நாள் ஸ்பீட் பிரேக்கரில் ஏறும்போதோ, சும்மா நிற்கும்போதோ 'டப்' என்று கடைசி அரைச்சுற்று முறிந்து விழும். பல பேருக்கு இது நடந்ததே தெரியாது, வண்டி ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்ததோடு சரி. முறிந்த முனை டயரின் உள்பக்கத்தில் உரசினால்தான் விஷயம் பெரிதாகும். பெயின்ட் உரிந்து செதில் செதிலாகத் துரு தெரிந்தால் அந்த ஸ்பிரிங்கை மாற்றுங்கள், உயரம் சரியாக இருந்தாலும் சரி.

உயரத்தை அளக்க டேப் ஒன்று போதும். சமதளமான இடம் வேண்டும், பெட்ரோல் பங்க்கில் காற்று அடிக்கும் இடம் பெரும்பாலும் சமமாக இருக்கும். நான்கு டயரிலும் சரியான காற்று, டிக்கி காலி, உள்ளே ஆள் இல்லை. வண்டியைக் கொஞ்சம் முன்னே பின்னே உருட்டி நிறுத்திவிட்டு, சக்கரத்தின் நடுப்புள்ளியில் இருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு (சக்கரத்துக்கு மேல் வளைந்த பாடித் தகட்டின் ஓரம்) வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையில் இருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் கெடுக்கும். இடமும் வலமும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசப்பட்டால் ஏதோ ஒரு ஸ்பிரிங் முறிந்திருக்கிறது அல்லது உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் சமமாக இறங்கியிருந்தால்? அதே மாடல், நன்றாகப் பராமரித்த வேறு ஒரு வண்டியை அளந்து பார்ப்பதுதான் வழி. பக்கத்துத் தெரு ஸ்விஃப்ட்காரர் டேப்போடு வரும் உங்களை விசித்திரமாகத்தான் பார்ப்பார், பரவாயில்லை.

ஷாக் எப்படிச் சாகிறது?

ஷாக்குக்குள்ளே ஒரு பிஸ்டன், அதில் சின்னச் சின்ன ஓட்டைகள், ஓட்டைகளை மூடிய மெல்லிய தகடுகள், சுற்றிலும் எண்ணெய். சக்கரம் மேலும் கீழும் போகும்போது எண்ணெய் அந்த ஓட்டைகள் வழியே நெருக்கியடித்துப் போக வேண்டும். எவ்வளவு வேகமாக அசைக்கிறீர்களோ அவ்வளவு எதிர்க்கும். மெதுவாக அமுக்கினால் சும்மா அமுங்கும். ஆட்டத்தின் சக்தி முழுக்க எண்ணெயில் சூடாக மாறிப் போகிறது. சாதாரணமாக, அமுங்கும்போது இருப்பதைவிட விரியும்போது எதிர்ப்பு கூடுதலாக வைத்திருப்பார்கள், ஏனென்றால் அமுங்கிய ஸ்பிரிங் திருப்பி உதைப்பதைப் பிடித்து நிறுத்துவதுதான் முக்கிய வேலை.

சீல் தேய்ந்து எண்ணெய் வெளியேறுவது, கேஸ் இறங்கி எண்ணெயில் நுரை கட்டுவது, உள்ளே தகடு தளர்வது, இந்த மூன்றில் ஒன்றுதான் ஷாக்கைக் கொல்கிறது. மூன்றும் மெதுவாக நடப்பவை, அதனால் ஓட்டுபவருக்குப் பழகிப்போகும். எப்போதோ ஒரு நாள் வேறு ஒருவர் ஓட்டிவிட்டு "என்னப்பா, படகு மாதிரி ஆடுது" என்று சொன்னால்தான் உறைக்கும்.

பானட்டின் மூலையை அமுக்கிவிட்டுப் பார்க்கும் சோதனை எல்லாருக்கும் தெரியும். அமுக்கி விட்டால் மேலே வந்து ஒரு தரம் லேசாக இறங்கி நின்றுவிட வேண்டும். இரண்டு மூன்று தரம் ஆடினால் ஷாக் முழுசாகப் போய்விட்டது, சந்தேகமே வேண்டாம். ஆனால் ஆடவில்லை என்பதால் ஷாக் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. கையால் அமுக்கும் வேகம் மிகக் குறைவு, அதோடு இணைப்புகளில் இருக்கும் பழைய ரப்பர் புஷ்களின் இறுக்கமே கொஞ்சம் ஆட்டத்தை அடக்கிவிடும். பாதி செத்த ஷாக் இந்தச் சோதனையில் தாராளமாகப் பாஸ் ஆகிவிடும். ஓட்டிப் பார்ப்பதுதான் உருப்படியான சோதனை. மேம்பாலத்தில் இணைப்புகள் வரிசையாக வரும் இடத்தில், 50, 60 வேகத்தில், ஒவ்வொரு இணைப்புக்கும் பாடி ஒரு தரம் அசைந்து அடங்குகிறதா, இல்லை முந்தைய ஆட்டம் முடிவதற்குள் அடுத்தது சேர்ந்து வண்டி மிதக்கிறதா என்று கவனியுங்கள். டயரைத் தடவிப் பார்ப்பதும் நல்ல சாட்சி. சுற்றிலும் விட்டுவிட்டு மேடு பள்ளமாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் ரோட்டில் ஒட்டாமல் குதித்துக் குதித்து ஓடியிருக்கிறது. மேடு பள்ளத்தில் பிரேக் பிடித்தால் நிற்க நேரமாவதும் இதனால்தான்.

எண்ணெய்க் கசிவு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஷாக்கின் மேல்பகுதியில் லேசான எண்ணெய்ப் பூச்சும் அதில் ஒட்டிய தூசியும் இருந்தால் அது பெரிய குற்றமில்லை, சீலை உயவுபடுத்தும் எண்ணெய் கொஞ்சம் வெளியே வருவது இயல்பு. ஈரமாக வழிந்து கீழ்ப்பாதி வரை நனைந்திருந்தால்தான் முடிந்தது கதை.

ஷாக்கின் தண்டைச் சுற்றிய கருப்பு ரப்பர் உறை, அதற்குள்ளே இருக்கும் பம்ப் ஸ்டாப், இந்த இரண்டையும் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். பம்ப் ஸ்டாப் என்பது மஞ்சளாகவோ வெள்ளையாகவோ இருக்கும் நுரை போன்ற கட்டி. சக்கரம் கடைசிவரை மேலே ஏறும்போது இரும்பும் இரும்பும் மோதாமல் மெத்தென்று நிறுத்துவது இதுதான். பத்து வருஷத்தில் இது ஈரத்திலும் சூட்டிலும் உதிர ஆரம்பிக்கும். உறையை மேலே தள்ளினால் பழுப்பு நிறத்தில் பொலபொலவென்று கையில் கொட்டும் வண்டிகள் ஏராளம். அதன் பிறகு ஒவ்வொரு குழியிலும் தண்டு நேராக இரும்பில் போய் மோதும், புது ஷாக் போட்டாலும் சீக்கிரமே சீல் போய்விடும். உறை கிழிந்திருந்தால் மணல் தண்டின் குரோமைக் கீறும், கீறிய தண்டு சீலை அறுக்கும். ஷாக் பில்லோடு ஒப்பிட்டால் இந்த ரப்பர்களின் விலை ஒன்றுமே இல்லை, ஆனால் மிச்சம் பிடிக்கிறேன் என்று பழசையே திருப்பிப் போடுவது ஊரெல்லாம் நடக்கிறது.

சத்தத்தை வைத்து ஷாக்கைக் குற்றம் சொல்வதும் அடிக்கடி நடக்கும் தப்பு. மெட்ரோ வேலைக்குத் தோண்டி மூடிய மூலக்கடை, அயனாவரம் பக்கத்துத் தெருக்களில் மெதுவாகப் போகும்போது வரும் 'டொக் டொக்' பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க் ராட் (வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியின் இணைப்பு). ஸ்டியரிங் திருப்பும்போது 'டொய்ங்' என்று கம்பி முறுக்கி விட்டாற்போல் சத்தம் வந்தால் ஸ்ட்ரட்டின் (முன்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த பாகம்) மேல் பேரிங் இறுகிவிட்டது, சக்கரத்தோடு சேர்ந்து திரும்ப வேண்டிய ஸ்பிரிங் திரும்பாமல் முறுக்கிக்கொண்டு தெறிக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் முழங்கால் தண்ணீரில் நின்ற வண்டி, மழை வந்தால் குளமாகும் கணேசபுரம் சுரங்கப்பாதையில் அடிக்கடி இறங்கி ஏறிய வண்டி என்றால் இந்த பேரிங்கைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் பிடிக்கும்போது முன்னால் ஒரு 'தட்' என்றால் சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் புஷ். இதற்கெல்லாம் ஷாக் மாற்றினால் பணம்தான் மாறும், சத்தம் மாறாது.

சரி, வாங்கப் போகலாம்

உட்கார்ந்த ஸ்பிரிங், செத்த ஷாக், இரண்டுக்கும் என் பதில் ஒன்றுதான்: கம்பெனி முதலில் என்ன அளவில் போட்டதோ அதையே முதலில் போடுங்கள். சலிப்பான பதில்தான். ஆனால் பழைய வண்டி வைத்திருக்கும் பலர் தங்கள் வண்டி புதிதாக எப்படி ஓடியது என்பதையே மறந்துவிட்டு, ரிப்பேர் செய்ய வேண்டிய இடத்தில் மாடிஃபிகேஷன் செய்யப் போகிறார்கள். நல்ல ஸ்பிரிங், நல்ல ஷாக், புது ரப்பர் மூன்றும் சேர்ந்தால் பழைய சான்ட்ரோகூட இவ்வளவு நன்றாக ஓடுமா என்று ஆச்சரியப்படுவீர்கள்.

ஆனால் 'அதே அளவு' என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரே மாடலிலேயே பெட்ரோலுக்கு ஒன்று, டீசலுக்கு ஒன்று என்று முன் ஸ்பிரிங் வேறுபடும், டீசல் எஞ்சின் கனமானது. சில வண்டிகளில் ஆட்டோமேட்டிக்குக்கும் தனி. ஸ்பிரிங்கின் மேல் சின்ன நிறக்கோடுகள் போட்டிருப்பார்கள், அது அலங்காரத்துக்கு இல்லை, எந்த வேரியன்ட் என்பதற்கான அடையாளம். துருவில் அழிந்திருந்தால் சேஸிஸ் நம்பரை வைத்துப் பார்ட் நம்பர் எடுக்கச் சொல்லுங்கள். "டீசல் ஸ்பிரிங் போட்டுக்கோங்க, கொஞ்சம் ஹைட் கிடைக்கும்" என்பது பெட்ரோல் வண்டிக்காரர்களுக்குப் பரவலாகக் கிடைக்கும் அறிவுரை. உயரம் கிடைக்கும், மூக்கு தூக்கும், கூடவே முன்பக்கம் விறைத்துப் போகும், பெட்ரோல் ஸ்பிரிங்குக்கு அளந்து வைத்த ஷாக் அதை அடக்கத் திணறும்.

எப்போதும் ஒரு அச்சுக்கு இரண்டும் சேர்த்தே மாற்ற வேண்டும். இடது பக்கம் புது ஷாக், வலது பக்கம் பத்து வருஷ ஷாக் என்றால் அவசர பிரேக்கில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். முன்னால் மட்டும் இப்போது, பின்னால் அடுத்த போனஸுக்கு என்று பிரித்துக்கொள்வது பரவாயில்லை.

ஷாக்கில் கடையில் கேட்கக் கிடைப்பவை பெரும்பாலும் இரட்டைக் குழாய் வகை, வெறும் எண்ணெய் அல்லது எண்ணெயோடு குறைந்த அழுத்த கேஸ். நம் ரோட்டில் தொடர்ந்து குலுங்கும்போது எண்ணெய் நுரைக்காமல் இருக்க கேஸ் உதவும், அதனால் இரண்டும் கிடைத்தால் கேஸ் வகையை எடுங்கள். கேப்ரியல், மன்ரோ, கே.ஒய்.பி. போன்ற பெயர்கள் பழக்கமானவை. உங்கள் மாடலுக்கு எது கிடைக்கிறதோ, பார்ட் நம்பர் பொருந்துகிறதோ அதை எடுக்கலாம், பிராண்ட் சண்டைக்குள் நான் போகவில்லை. ஒற்றைக் குழாய், அதிக அழுத்த கேஸ் வகை விலை அதிகம், சூடு தாங்கும், வேகமாக ஓட்டுபவருக்கு நல்லது, ஆனால் வெளிக்குழாயே சிலிண்டர் என்பதால் கல் பட்டு நசுங்கினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். தினம் மணலியில் இருந்து பாரிமுனைக்குப் போய்வர அது தேவையில்லை.

ஜி.பி. ரோட்டில் புதுசு வாங்குவதற்கும் புதுப்பேட்டையில் கழற்றிய பழசு வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் இந்தப் பாகங்களில் மிகப் பெரியது. கதவு, லைட், பம்பர் எல்லாம் பழசு வாங்கலாம், தப்பே இல்லை. பழைய ஷாக் என்பது இன்னொருவர் தேய்த்து முடித்தது. ரீகண்டிஷன் செய்த ஷாக் அதைவிட மோசம். வெட்டித் திறந்து, கிடைத்த எண்ணெயை ஊற்றி, வெல்டிங் வைத்து, கருப்பு பெயின்ட் அடித்துத் தருவார்கள். கையால் இழுத்துப் பார்த்தால் கெட்டியாக இருக்கும், ஏனென்றால் எண்ணெய் தடித்தது. கேஸ் கிடையாது, ஒரிஜினல் வால்வு அளவும் கிடையாது. சில மாதத்தில் வெல்டிங் ஓரம் கசிய ஆரம்பிக்கும்.

ஃபோர்டு ஐகான், எஸ்டீம் போல உற்பத்தி நின்றுபோன வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. கடை அலமாரியில் பல வருஷமாகத் தூங்கிய 'புது' பாகம் கிடைக்கும். ஸ்பிரிங் என்றால் பயமில்லை, இரும்பு பெட்டியில் இருந்தபடி கெடாது. மவுண்ட், புஷ் மாதிரி ரப்பர் பாகங்கள் சும்மா இருந்தாலே கெட்டியாகி வெடிக்கும். லேபிளில் தயாரித்த மாதத்தைப் பாருங்கள், நகத்தால் அழுத்திப் பாருங்கள்.

சி.என்.ஜி. போட்டவர்களுக்கு வேறு பிரச்சினை. டிக்கியில் உட்காரும் இரும்பு சிலிண்டர் காலியாகவே 50 கிலோவுக்கு மேல் இருக்கும், அது நிரந்தரப் பயணி. அதன் மேல் பின் சீட்டில் மூன்று பேர் ஏறினால் வால் தொங்கும். இதற்கு ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் பஃபர் சொருகித் தருவார்கள். உயரம் வரும், உண்மைதான். ஆனால் அது இரண்டு சுற்றை முடக்கிவிட்டு மீதிச் சுற்றுகளின் தலையில் எல்லா வேலையையும் கட்டுகிறது, காலியாக ஓடும்போது பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போடும். ஏற்கெனவே துருப்பிடித்த ஸ்பிரிங்கில் இதைச் செய்யவே கூடாது. உட்கார்ந்த ஸ்பிரிங்கை முதலில் மாற்றுங்கள், பாதிப் பேருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

வண்டியைத் தாழ்த்தலாமா?

இளைஞர்கள் பாதிப் பேர் இதற்காகத்தான் இதுவரை படித்திருப்பீர்கள். தாழ்ந்த வண்டி அழகாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். வளைவில் சாய்வது குறையும் என்பதும் பெரும்பாலும் உண்மை. ஆனால் கணக்கைப் பாருங்கள்.

ஒரு பேச்சுக்கு உங்கள் வண்டியில் சக்கரம் மேலே ஏற 80 மில்லிமீட்டர் இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30 தாழ்த்தினால் மிச்சம் 50. அதே குழி, அதே அடி. அந்தச் சக்தியை 80-இல் வாங்கிய ஸ்பிரிங் இப்போது 50-இல் வாங்கி முடிக்க வேண்டும். ஸ்பிரிங் வாங்கும் சக்தி தூரத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், 80-ஐ 50-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் வருவது 2.56. அதாவது தட்டாமல் இருக்க ஸ்பிரிங் இரண்டரை மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும். சந்தையில் விற்கும் லோயரிங் ஸ்பிரிங்குகள் 20, 30 சதவீதம்தான் கூடுதல் விறைப்பு, அதற்கு மேல் போனால் யாரும் உட்கார முடியாது. மிச்ச அடியை யார் வாங்குவது? அந்த நுரைக் கட்டி, பம்ப் ஸ்டாப். தாழ்த்திய வண்டி நம் ரோட்டில் பாதி நேரம் பம்ப் ஸ்டாப் மேல்தான் ஓடுகிறது.

ஷாக் பக்கம் கணக்கு கொஞ்சம் கருணையானது. விறைப்பு கூடினால் தேவைப்படும் அடக்கும் சக்தி அதன் வர்க்கமூலத்தில்தான் கூடும், ஸ்பிரிங் 30 சதவீதம் ஏறினால் ஷாக் 14 சதவீதம் ஏறினால் போதும். அதனால் நல்ல நிலையில் உள்ள ஒரிஜினல் ஷாக்கோடு மிதமான லோயரிங் ஸ்பிரிங் கொஞ்ச நாள் ஓடும். பத்து வருஷ ஷாக்கோடு ஓடாது. அது ஏற்கெனவே பழைய ஸ்பிரிங்கையே அடக்க முடியாமல் இருக்கிறது, அதன் மேல் இன்னும் விறைப்பானதை வைத்தால் வண்டி தாழ்ந்தும் இருக்கும், குதித்தும் ஓடும். தாழ்த்துவதற்கென்றே குட்டையான உடல் கொண்ட ஷாக்குகள் உண்டு, பில்ஸ்டீன் பிராண்டில் பி6 என்பது சாதாரண உயரத்துக்கு, பி8 என்பது தாழ்த்திய ஸ்பிரிங்குக்கு. இப்படி ஜோடியாக உங்கள் மாடலுக்குக் கிடைக்காவிட்டால் ஆசையை விட்டுவிடுவது உத்தமம்.

ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவது பற்றி ஒரே பத்தி போதும். ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் ஐந்து, விறைப்பு 20 சதவீதம் ஏறும், அதுகூடப் பரவாயில்லை. ஆனால் முனை தட்டில் பொருந்தாது, ஜாக் வைத்துத் தூக்கினால் ஸ்பிரிங் கழன்று ஆடும், கேஸ் கட்டிங்கில் வெட்டியிருந்தால் அந்தச் சூட்டில் எஃகின் பதம் போய்விடும். வேண்டாம்.

சாலைப் பொறியாளர்கள் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் 1988 விதிப்படி பொதுச் சாலையில் ஸ்பீட் பிரேக்கர் 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாக, வழுவழுப்பான வளைவாக இருக்க வேண்டும். தண்டையார்பேட்டை, வியாசர்பாடி சந்துகளில் ராத்திரியோடு ராத்திரியாக சிமென்ட் குழைத்துப் போட்ட மேடுகள் அந்த விதியைப் படித்ததில்லை. முதல் ஸ்விஃப்ட்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 170 மில்லிமீட்டர், அதில் 30, 40 எடுத்துவிட்டு நாலு பேரோடு அந்த மேட்டில் ஏறினால் என்ன ஆகும் என்பதை சைலன்சர் பைப் சொல்லும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவையும் மறக்க வேண்டாம், ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் சொன்னதில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. இன்ஷூரன்ஸ் கிளெயிம் நேரத்திலும் இந்த மாற்றம் கேள்வியாக வரலாம்.

எல்லாம் கேட்டும் தாழ்த்தத்தான் வேண்டும் என்றால் 15, 20 மில்லிமீட்டரோடு நிறுத்துங்கள். ஒன்று கவனியுங்கள், உட்கார்ந்த பழைய ஸ்பிரிங்கோடு உங்கள் வண்டி இப்போதே அந்த உயரத்தில்தான் நிற்கிறது, புது லோயரிங் ஸ்பிரிங் போட்ட பிறகு தாழ்ந்த மாதிரியே தெரியாமல் ஏமாந்தவர்கள் உண்டு.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்

முன் ஸ்ட்ரட்டைப் பிரிக்க ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்க வேண்டும். சாதாரண ஸ்பிரிங் ஒன்றை 15 சென்டிமீட்டர் அமுக்கி வைத்தால் அதில் அடைந்திருக்கும் சக்தி, 28 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்தில் இருந்து போடுவதற்குச் சமம். இரண்டு பக்கமும் கொக்கி போட்ட கம்ப்ரெசர் இல்லாமல், கயிறு கட்டியோ சங்கிலி சுற்றியோ செய்யும் இடத்தில் இருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். நீங்களே வீட்டில் முயல வேண்டாம்.

கேஸ் ஷாக் பெட்டியில் படுத்தே கிடந்திருக்கும், உள்ளே காற்றுக்குமிழி சேர்ந்திருக்கலாம். மாட்டும் முன் நிமிர்த்தி வைத்து நாலைந்து தரம் முழுசாக அமுக்கி இழுத்துவிடச் சொல்லுங்கள். தண்டு சுற்றாமல் இருக்க கட்டிங் பிளேயரால் குரோமைக் கவ்வுவார்கள், உடனே தடுங்கள், அந்தப் பல் தடம் சீலை அறுத்துவிடும். தண்டின் மேல்முனையில் அதற்கென்று அலன் கீ ஓட்டையோ தட்டையான முகமோ இருக்கும்.

அப்புறம் புஷ் போல்ட். வண்டி ஜாக்கில் தொங்கும்போதே லோயர் ஆர்ம், பின் ஆக்ஸில் புஷ் போல்ட்டுகளை முழுதாக முறுக்கிவிட்டால், வண்டி கீழே இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் நிற்கும். உயரமும் தப்பாகக் காட்டும், ரப்பரும் சீக்கிரம் கிழியும். லேசாகப் பிடித்துவிட்டு, சக்கரம் தரையில் நின்று வண்டி தன் பாரத்தில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி முறுக்கு. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்பார்கள், சிரித்துக்கொண்டே மறுபடி கேளுங்கள்.

புது ஸ்பிரிங் முதல் சில நூறு கிலோமீட்டரில் சில மில்லிமீட்டர் இறங்கி நிலைக்கும். ஸ்ட்ரட்டைக் கழற்றினாலே கேம்பரும் டோவும் (சக்கரத்தின் சாய்வும் திசையும்) மாறிவிடும் என்பதால் மாட்டியதும் ஒரு தரம் வீல் அலைன்மென்ட், நிலைத்த பிறகு இன்னொரு தரம் சரிபார்ப்பு. வண்டியின் மூக்கு உயர்ந்திருந்தால் ஹெட்லைட்டும் உயர்ந்திருக்கும், இரவில் எதிரே வரும் பைக்காரர் கையைத் தூக்கித் திட்டுவதற்கு முன் சுவரில் அடித்துப் பார்த்து இறக்கி வையுங்கள். கடைசியில் அதே பெட்ரோல் பங்க், அதே டேப், நான்கு மூலையையும் மறுபடி அளந்து பழைய எண்களுக்குப் பக்கத்தில் தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.